துருவ மேகம் திரவமா, படிகமா? லைடார் பதிவில் பிரித்தறியும் முறை

அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் 15 முதல் 25 கி.மீ. உயரத்தில் மூன்று வகை மேகங்கள் உருவாகின்றன: கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் நீரும் கலந்த திரவத் துளிகள், 'நாட்' எனப்படும் நைட்ரிக் அமில ட்ரைஹைட்ரேட் படிகங்கள், பனிக்கட்டித் துகள்கள். ஓசோனை அழிக்கும் குளோரின் விடுபடுவது இவற்றின் மேல்தான். எனவே வகையைச் சரியாகக் குறிப்பது முக்கியம்.

முதல் வேலை, வெப்பநிலை வரம்பைக் கணக்கிடுவது, அதாவது எந்த வெப்பநிலைக்குக் கீழே அந்தத் துகள் இருக்க முடியும் என்பதை. நாட் வரம்புக்கு ஹேன்சன், மவர்ஸ்பெர்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1988-ல் தந்த சமன்பாடு போதும். அதில் அழுத்தம் டார் (Torr) அலகில் இருக்க வேண்டும். ஹெக்டோபாஸ்கலை அப்படியே போட்டால் வரம்பு சுமார் 1.6 கெல்வின் கூடிவிடும். 50 ஹெக்டோபாஸ்கலில் நீராவி 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), நைட்ரிக் அமிலம் 10 பிபிபி (நூறு கோடியில் 10 பங்கு) என்றால் நாட் வரம்பு 195.7 கெல்வின், பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 188.4.

இதே எண்களைக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய துகள்கள் கீழே விழும்போது அமிலத்தையும் நீரையும் கூடவே கொண்டுபோகின்றன. நீராவி 2.5 பிபிஎம், அமிலம் 2 பிபிபி எனக் குறைந்துவிட்டால் நாட் வரம்பு 190.7-க்கு இறங்கும், அதாவது 5 கெல்வின் வித்தியாசம். ஆரா செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் லிம்ப் சவுண்டர் போன்ற கருவி அந்தந்த நாளில் அளந்த அளவையே போடுங்கள்.

வரம்புக்குக் கீழே போனதும் நாட் வந்துவிட்டது என்று எழுதிவிடவும் கூடாது. கந்தக அமிலத் துளிகள் லேசில் உறைவதில்லை. இன்னும் 3, 4 கெல்வின் குளிர்ந்ததும் அவை நைட்ரிக் அமிலத்தையும் நீரையும் உறிஞ்சித் திரவமாகவே பருக்கும்.

இனி லைடார், அதாவது லேசர் துடிப்பை மேலே அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி. 532 நானோமீட்டர் பதிவில், மேகத்துக்கு மேலே துகளற்ற காற்றில் பின்சிதறல் விகிதத்தை (திரும்பும் மொத்த ஒளி, வெறும் காற்று திருப்பும் ஒளியைப்போல் எத்தனை மடங்கு என்பதை) 1 என நிலைப்படுத்துங்கள். திரும்பும் ஒளியில், அனுப்பிய ஒளியின் அதிர்வுத் தளத்திலேயே இருப்பது இணைத் தடத்திலும், அதற்குக் குறுக்காக இருப்பது செங்குத்துத் தடத்திலும் பதிவாகும். விகிதம் உயர்ந்தும் செங்குத்துத் தடத்தில் கூடுதல் ஒளி இல்லையென்றால் உருண்டையான திரவத் துளிகள். விகிதம் குறைவாக இருந்தும் அந்தத் தடம் தெளிவாக உயர்ந்தால் நாட் படிகங்கள். இரண்டுமே உயர்ந்து விகிதம் 5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பனிக்கட்டி.

தவறு அதிகம் நேர்வது கலப்பு மேகத்தில். திரவத்தின் வலுவான ஒளி சில நாட் படிகங்களை மறைத்துவிடும். முனைவாக்க விகிதத்தை (செங்குத்துத் தட ஒளிக்கும் இணைத் தட ஒளிக்கும் உள்ள விகிதத்தை) மட்டும் பார்த்தால் அவை தெரியவே தெரியாது. செங்குத்துத் தடத்தின் பின்சிதறலைத் தனியாக எடுத்து, வெறும் காற்றின் அளவோடு ஒப்பிடுங்கள். இணைத் தடத்தின் ஒளி அங்கே கசிகிறதா என்பதையும் முன்பே சோதியுங்கள். கசிந்தால் திரவ மேகமே படிகம்போலத் தெரியும்.

வானிலைக் கணினி மாதிரி தரும் வெப்பநிலை வரம்புக்கு மேலே இருக்க, பதிவில் பனிக்கட்டி தெரிந்தால் பதிவை உடனே சந்தேகிக்க வேண்டாம். அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேல் மலையலைகள் (மலையைத் தாண்டும் காற்றில் எழும் அலைகள்) காற்றைச் சில கெல்வின் குளிர்விக்கும். அகலமான மாதிரிக் கட்டங்களில் அது பிடிபடாது.