கேபிள் செருகியும் மடிக்கணினியில் இணையம் வராவிட்டால்

திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளில் மடிக்கணினி கேபிள் வழியாக இணையத்தை எடுக்க மறுத்தால், விண்டோஸை மாற்றிப் போடும் பேச்சுதான் முதலில் எழுகிறது. மென்பொருளைத் தொடுவதற்கு முன் செருகுமிடத்தில் எரியும் சிறு விளக்கைப் பார்ப்பது நல்லது. சில மடிக்கணினிகளில் அந்த விளக்கு இருக்காது. அப்போது கேபிளின் மறுமுனை செருகியிருக்கும் சுவிட்சில், அதாவது பல கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டியில் பார்க்க வேண்டும்.

விளக்கு எரியவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கேபிளிலோ போர்ட்டிலோ (செருகுமிடத்திலோ) இருக்கும். வேறொரு கேபிளைப் போட்டும், சுவிட்சில் வேறொரு போர்ட்டில் செருகியும் பார்த்தால் எது பழுது என்பது தெரிந்துவிடும். கட்டிங் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிகளில் பஞ்சுத் தூசி போர்ட்டுக்குள் அடைந்திருக்கக்கூடும். கணினியை அணைத்துவிட்டு மென்மையான தூரிகையால் அதை எடுக்கலாமே தவிர, உள்ளே இருக்கும் 8 மெல்லிய தகடுகள் வளைந்துவிடும் என்பதால் ஊசியால் குத்தக் கூடாது. கேபிள் முனையின் கிளிப் உடைந்திருந்தாலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். பின்புறக் குடோன் வரை இழுத்த கேபிள் 100 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். எலி கடித்த கேபிள் நம்மை ஏமாற்றவும் செய்யும்: 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடி வயர்களும் வேண்டும், 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால், விளக்கு எரிந்துகொண்டே வேகம் மட்டும் விழுந்திருக்கும்.

விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால், செட்டிங்ஸில் ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) பக்கத்தைத் திறந்து, நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூர் அலுவலகத்தில் 192.168.1 வரிசையில் கையால் பதிந்த முகவரியோடு வந்த மடிக்கணினி, 192.168.0 வரிசையில் இயங்கும் திருப்பூர் யூனிட்டில் இணையாமல் நிற்பதும் உண்டு. அங்கே முகவரியைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும். ஆனால் பழைய எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே மாற்ற வேண்டும், ஏனெனில் திரும்பிப் போகும்போது அவை தேவைப்படும். முகவரி சரியாக இருந்தும் இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்கலாம்.

ஈதர்நெட் என்ற பெயரே பட்டியலில் இல்லையா? டிவைஸ் மேனேஜரில் அது முடக்கப்பட்டிருந்தால் இயக்கவும், மஞ்சள் குறி இருந்தால் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கவும் வேண்டும். பதிவு செய்த கணினிகளை மட்டும் அனுமதிக்கும் அலுவலகமாக இருந்தால், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஐப்பசி இடிமழைக்கு மறுநாள் இந்தப் பழுது வந்தால், அதுவும் கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே கேபிள் இழுத்திருந்தால், போர்ட்டே கருகியிருக்கக்கூடும். அதற்காக மதர்போர்டைக் கழற்றக் கொடுப்பதைவிட, ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை வாங்கிச் செருகிக்கொள்வது செலவும் குறைவு, அன்றைக்கே வேலையும் நடக்கும்.