கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ராஜாஜியைப் பற்றிய இருவேறு நினைவுகளைப் பதிவு செய்யும் முறை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரித்து வருகிறது. அந்த வீடு இருக்கும் இதே மாவட்டத்தில் அவர் பெயரைக் கேட்டதும் கைகூப்புகிறவர்களும் உண்டு. 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை மனத்தில் வைத்து, 'குலக்கல்வி கொண்டுவந்தவர்' என்று சொல்லி அதற்குமேல் பேச விரும்பாதவர்களும் உண்டு. ஊர் வரலாறு எழுத முன்வரும் ஆசிரியர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நூலக வாசகர் வட்டத்தினருக்கும் இந்தப் பிளவு பெரிய இடையூறாகத் தோன்றும். இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் விதமாக நடுவில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போவதே எளிது என்றும் தோன்றும். அப்படி எழுதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கருத்தும் எந்தச் செயலிலிருந்து பிறந்தது, அந்தச் செயல் எந்த ஆண்டில் நடந்தது, அதைச் சொல்பவரின் குடும்பம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பிளவு வரலாறாகப் பதிவாகும்.

ஆளை விட்டுச் செயலைக் கேளுங்கள்

'ராஜாஜி நல்லவரா, கெட்டவரா' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தம் கட்சியையோ சாதியையோ ஒட்டிய விடையைத்தான் தருவார். ஆகவே யார் வீட்டுக்கும் போவதற்கு முன்பாக, இந்த மண்ணைத் தொட்ட அவருடைய செயல்களை ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், கேள்விகள் தாமாகவே அமைந்துவிடும்.

பட்டியலில் முதலில் வர வேண்டியது மதுவிலக்கு. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரான (முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்) ராஜாஜி, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். மாகாணத்திலேயே அச்சட்டம் முதலில் வந்த மாவட்டம் அது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்கள் அன்று அதற்குள்தான் இருந்தன. கள்ளுக்கடைகள் மூடப்பட்டதால் கூலிப் பணம் முழுதாக வீடு வந்து சேர்ந்தது என்று தம் தாய் சொன்னதை நினைவுகூரும் பெண்களையும், மரமேறிப் பிழைத்த குடும்பம் ஒரே நாளில் தொழிலை இழந்து வேறு வேலைக்கு அலைந்தது என்று சொல்லும் முதியவர்களையும் ஒரே வட்டாரத்தில் காணலாம். இருவர் சொல்வதும் ஒரே சட்டத்தின் விளைவுதான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது. மதுவிலக்கால் குறைந்த அரசு வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்பதையும் இதே பக்கத்தில் குறித்துக்கொண்டால், பழைய வணிகக் குடும்பங்களில் கேட்கும் மனக்குறைக்கும் இடம் கிடைத்துவிடும்.

வேளாண் கடன் நிவாரணச் சட்டம் 1938இல் வந்தது. மானாவாரியை நம்பியிருந்த இந்த வட்டாரத்தில் கடன் வாங்கியவர் வீட்டிலும் கொடுத்தவர் வீட்டிலும் அதைப் பற்றித் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பழைய கடன் பத்திரங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தால், உரியவரின் அனுமதியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். 1939இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசத்தைத் தொடர்ந்து, அதில் ஈடுபட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் ஏற்பாட்டை அவருடைய அரசு செய்தது. உங்கள் ஊர்க் கோயிலின் கதவு யாருக்கு எப்போது திறந்தது, இன்றும் திறக்காமல் இருக்கிறதா என்பதைக் கேட்டு எழுதினால்தான் அந்தச் சட்டத்தின் எல்லை இங்கே எதுவரை சென்றது என்பது தெரியும். 1952இல் மீண்டும் முதலமைச்சரான அவர் அதே ஆண்டில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியது கேழ்வரகு விளைவித்தவர்களையும் வாங்கி உண்டவர்களையும் வெவ்வேறு விதமாகத் தொட்டிருக்கும். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அவர் செய்யாதவை அவர் கணக்கில் ஏறியிருந்தால் அவற்றையும் சரிபார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கிருஷ்ணகிரி அணை 1957இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. ராஜாஜி 1954இலேயே பதவி விலகிவிட்டார்.

கல்வித் திட்டத்துக்குத் தனி இடம் தேவை

வாதம் மிகச் சூடாவது இங்கேதான் என்பதால் இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் 1953–54 கல்வியாண்டில் நகராட்சி அல்லாத பகுதிகளில் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் படிப்பார்கள். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ பழகுவார்கள். ஒரே ஆசிரியர் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி அடுத்தடுத்துப் பாடம் நடத்துவதால் அதே செலவில் கூடுதலான பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். தொழில் என்பது சாதியோடு பிணைந்திருந்த சமூகத்தில், தந்தையின் தொழிலைப் பழகு என்பது தந்தையின் சாதி நிலையிலேயே இரு என்பதாகும் என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தனர். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டமே. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. ராஜாஜி விலகியபின் பொறுப்பேற்ற காமராசர் 1954 மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்.

இதைப் பற்றிக் கேட்கும்போது, எதிர்த்தவர்கள் வைத்த 'குலக்கல்வி' என்ற பெயரோடு கேள்வியைத் தொடங்க வேண்டாம். அரசு வைத்த பெயரோடும் தொடங்க வேண்டாம். இரண்டுமே விடையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடும். 'அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க, வந்தபிறகு என்ன வேலை செஞ்சீங்க, பக்கத்து வீட்டுப் பையன் என்ன செஞ்சான்' என்று கேளுங்கள். ஒரே வகுப்பில் படித்தவர்களுள் ஒருவர் மாடு மேய்க்கப் போனதையும் இன்னொருவர் வீட்டில் வாத்தியார் வைத்துப் படித்ததையும் அவர்களே அடுத்தடுத்துச் சொன்னால், எந்த விளக்கவுரையும் இல்லாமல் திட்டத்தின் விளைவு எழுத்தில் நிற்கும். உங்கள் ஊர்ப் பள்ளியில் திட்டம் உண்மையிலேயே நடந்ததா, ஆணை வந்தும் பழைய மணிக்கணக்கே தொடர்ந்ததா என்பதையும் விசாரியுங்கள். பழைய பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் இருக்கக்கூடும்; தலைமையாசிரியருக்கு எழுத்துப்பூர்வமான விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கலாம்.

மொழிச் சிக்கலில் அவர் இரு காலத்தில் இரு நிலை எடுத்தவர் என்பதை மறக்க வேண்டாம். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியவரும் அவர்தான். அதை எதிர்த்துப் போராடிச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது 1939இல் இறந்தது அவருடைய ஆட்சியில்தான். 1965இல் இந்தியை ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்து ஆங்கிலமே நீடிக்க வேண்டும் என்று வாதாடியவரும் 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தவரும் அவரே. யாரேனும் 'இந்தியைத் திணித்தவர்' என்றாலும் 'இந்தியை எதிர்த்தவர்' என்றாலும், 'எந்த வருஷத்தைச் சொல்றீங்க' என்று மெல்லக் கேட்டால் போதும். ஓசூர், தளி, சூளகிரிப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருப்பதால், மொழிப் போராட்டத்தின் நினைவு அங்கே தருமபுரிப் பக்கத்தில் இருப்பதைப்போல் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அம்மொழி பேசும் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் சொன்ன மொழியிலேயே ஒலிப்பதிவு செய்துவிட்டுப் பிறகு தமிழில் எழுதுங்கள்.

கண்டதும் கேட்டதும்

1953இல் ஏழு வயதாக இருந்தவர் 1946இல் பிறந்தவர். எண்பதை ஒட்டிய வயதினரை நீங்கள் இன்றும் சந்திக்க முடியும். 1937ஐ அறிவோடு கண்டவர்கள் அநேகமாக இல்லை. ஆகவே ஒவ்வொரு சாட்சியத்தின் மேலும் 'தாமே கண்டது', 'பெற்றோர் சொல்லக் கேட்டது', 'மேடையிலோ பத்திரிகையிலோ அறிந்தது' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். கேட்ட செய்தி மதிப்புக் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவதே அந்த வீட்டைப் பற்றிய உண்மைதான். ஆனால் அது 1937க்குச் சான்றாகாது.

ஆவணங்களைத் தேடும்போது, தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்றும்தான் உருவாயின என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு முந்தையவை எல்லாம் சேலம் மாவட்டத் தலைப்பின் கீழ்தான் கிடைக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும், கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்களையும் பார்க்கலாம். பெரியாரின் 'விடுதலை'யை மட்டும் படித்தாலும் ராஜாஜியை ஆதரித்த 'கல்கி'யை மட்டும் படித்தாலும் கிடைப்பது பாதிச் செய்திதான். ஒரே வாரத்து இதழ்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வீட்டுக்குச் செல்லும்போது

டீக்கடையிலோ ஊர்ச் சாவடியிலோ இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பத்துப் பேர் நடுவில் ஒருவர் தம் கட்சிக்காரர் எதிர்பார்ப்பதைத்தான் சொல்வார். மாங்காய் அறுவடை மாதங்களைத் தவிர்த்து, முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண் செல்வது நல்லது. ஆண்கள் உடனிருந்தால் மதுவிலக்கைப் பற்றி அவர்கள் பேசுவது பாதியிலேயே நின்றுவிடும். ஊர்த் தெருவுக்கு ஒரு நாளும் காலனிக்கு ஒரு நாளும் என்று ஒதுக்கிக்கொண்டு, இரு இடத்திலும் ஒரே கேள்விகளை, ஒரே மரியாதையோடு, ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்துக் கேட்க வேண்டும். 'நீ எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை' என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். மறைக்காமல் விடை சொல்லிவிட்டு, எந்தக் கட்சிக்காகவும் வரவில்லை என்பதையும் எழுதப்போவது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

'போய்ச் சேர்ந்தவரைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது' என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். பல பத்தாண்டுகள் ராஜாஜியைக் கொள்கையில் கடுமையாக எதிர்த்த பெரியார், அவர் இறந்தபோது தள்ளாத வயதில் சுடுகாட்டுக்கே வந்து கண்ணீர் விட்டார். அதனால் தம் எதிர்ப்பில் எதையும் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. இதை எடுத்துச் சொன்னால், துக்கமும் மறுப்பும் ஒருவரிடமே இருக்கலாம் என்பது அவர்களுக்கு விளங்கும். அதன்பிறகும் பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

எழுதும்போது

'சிலர் பாராட்டுகிறார்கள், சிலர் விமரிசிக்கிறார்கள்' என்ற வாக்கியம் உங்கள் கையெழுத்துப் பிரதியில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. யார், எதை, எந்த அனுபவத்தால் என்ற விவரம் வராத வாக்கியம் வாசகருக்கு எதையும் தருவதில்லை. பாராட்டுக்கு இரண்டு பக்கம், கண்டனத்துக்கு இரண்டு பக்கம் என்று அளந்து நிரப்பவும் வேண்டாம்; உங்கள் ஊரில் கல்வித் திட்டத்தைப் பற்றிய மனக்காயமே மிகுதி என்றால் அதற்கே மிகுதியான இடம் செல்லட்டும். சொன்னவர்களின் பெயரைத் தவிர்த்து, வயதையும் குடும்பத்தின் அன்றைய தொழிலையும் மட்டும் குறிப்பிடுங்கள். சிற்றூரில் தொழிலைச் சொன்னாலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும் என்றால் அதையும் பொதுவாக்கிவிடுங்கள். எந்தச் சாதியையும் இழிவுபடுத்தும் சொல் ஒலிப்பதிவில் இருந்தால் அச்சில் அதை விட்டுவிட்டு, விட்டிருப்பதைக் குறிப்பிடுங்கள்.

எழுதுபவரின் நிலை என்ன என்பதையும் முன்னுரையிலேயே சொல்லிவிடுவது நேர்மை. என்னைக் கேட்டால், 1953 திட்டம் தவறானது என்றே சொல்வேன். பள்ளி நேரத்தைக் குறைத்ததன் இழப்பு, வீட்டில் எழுத்தறிவு இல்லாத பிள்ளைகள் மேல்தான் முழுதாக விழுந்திருக்கும். அதே சமயம், 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்படுவதைத் தடுக்கத் தொண்ணூறைக் கடந்த வயதில் அவர் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சென்று வேண்டியதில் உண்மையான கவலை இருந்தது என்றும் நம்புகிறேன். இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல என்னால் இயலாது. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன், ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன பகுதியை வீட்டிலேயே படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். ஊரார் கூடும் வாசிப்பை ராஜாஜியின் பிறந்த நாளிலோ நினைவு நாளிலோ வைத்தால் அது விழாவாகவோ கண்டனக் கூட்டமாகவோ மாறிவிடும். ஆகவே வேறொரு நாளில், கட்சிக் கொடிகள் இல்லாத பள்ளிக் கட்டடத்திலோ கிளை நூலகத்திலோ வைக்கலாம். அங்கே எழும் மறுப்புகளையும் எழுதிப் பின்னிணைப்பாகச் சேர்த்து, அச்சிட்ட படிகளை ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவுகளை வெவ்வேறு இருவர் பொறுப்பில் இரு இடங்களில் பாதுகாத்து வையுங்கள்.