வீட்டுவழிக் கல்வி: காரணம் நழுவும் இடங்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோர் சிலருடன் அண்மையில் பேசி வருகிறேன். எந்தப் பாடநூல், எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களிடம் "எதற்காக நிறுத்தினீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால், ஒரே வீட்டில் கணவர் ஒன்று சொல்கிறார், மனைவி வேறொன்று சொல்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. காலையில் தாமதமாக எழுவது, புத்தகங்களை வாங்கிக் குவிப்பது போன்றவை நாளடைவில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நிறுத்திய காரணமே கைநழுவிப் போகச் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஊருக்குச் சொன்ன காரணத்தை நாமே நம்பிவிடுவது

எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் படித்தபோது காலைதோறும் வயிற்றுவலி என்று அழுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலி இராது. எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது, நாற்பது பேர் இருந்த வகுப்பில் அது கிடைக்கவில்லை. அச்சமின்றித் தன் வேகத்தில் கற்கட்டும் என்றுதான் நிறுத்தினோம். ஆனால் இதை மாமனாரிடமும் ஓரகத்தியிடமும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைக்கு ஏதோ குறை என்று பேசுவார்களோ என அஞ்சி, "பள்ளியில் நேரம் வீணாகிறது, வீட்டிலிருந்தால் பத்தாம் வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிடுவான்" என்று சொல்லிவைத்தேன். கேட்டவர்களுக்கு அது பிடித்திருந்ததால் பொங்கலுக்கும் கல்யாண வீடுகளிலும் அதையே சொன்னேன். மூன்று ஆண்டுகளில் எனக்கும் அதுவே காரணமாகிவிட்டது.

அதற்குப் பின் செய்தவை எல்லாம் அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்தவை. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டி இணையவழி வகுப்பில் சேர்த்தேன். கூடத்தில் கரும்பலகை மாட்டினேன். மணி அடிக்காததுதான் குறை. பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (NIOS) பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யக் குறைந்தபட்ச வயது 14 என்பதால், அந்த வயது நிறைந்ததுமே ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுதவைக்க வேண்டும் என்று, பத்து வயதுப் பிள்ளைக்குத் திட்டம் போட்டேன். அங்கே ஒருமுறை செய்த பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் 9 தேர்வு வாய்ப்புகள் உண்டு. பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். மெதுவாகக் கற்பவனுக்கென்றே செய்தாற்போன்ற அந்த ஏற்பாட்டைப் போய் ஓட்டப்பந்தயமாக்கினேனே என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை அவனுக்கு மீண்டும் வயிறு வலித்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அது போகட்டும், உரக்க வாசிக்கும் துணிவு திரும்ப ஒன்றரை ஆண்டு பிடித்தது.

ஆகவே, நிறுத்திய அதே வாரத்தில், தேதியிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிவையுங்கள். "காலையில் அழுகிறான்" என்று எழுதினால் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். "முழுமையான வளர்ச்சி" என்று எழுதினால் எதனோடு ஒப்பிடுவது? உறவினருக்கு வேறு பதில் தேவைப்பட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், அது அவர்களுக்கான பதில் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரே தாளைக் கடைசிவரை வைத்திருப்பது

ஏழு வயதில் எழுதிய காரணம் பன்னிரண்டு வயதுக்குப் போதாது. ஆண்டுக்கொருமுறை பிள்ளையையும் உட்காரவைத்துத் திருத்துங்கள். எங்கள் மகன் பேனாவை வாங்கி, "கூட விளையாட ஆள் வேண்டும்" என்று எழுதினான். எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

சட்டத்துக்குக் காரணத்தைப் பதிலாக்குவது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் கூறப்படவில்லை. உங்கள் காரணம் எவ்வளவு நல்லதானாலும் இதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

பள்ளியின் மீதுள்ள கோபத்தைக் காரணமாக எழுதுவது

கோபம் ஆறிவிடும்.

ஜூன் மாதத்தில் முடிவை மாற்றுவது

வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புதுச் சீருடையில் வேனுக்குக் காத்து நிற்கும்போது எந்தக் காரணமும் பலவீனமாகத்தான் தெரியும். ஆகஸ்ட் வரை பொறுத்திருந்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.