நொச்சிச் சாரச் சோதனை: பாத வீக்க அளவு ஏன் சிதறியது?

நொச்சி இலையின் எத்தனால் சாரம் வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளில் சோதித்தபோது, மருந்தே தராத குழுவின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒப்பீட்டுக்காக, வீக்கம் குறைக்கும் மருந்தான இண்டோமெதசின் (கிலோவுக்கு 10 மி.கி.) கொடுத்த குழுவிலும் அதே சிதறல். ஆக, கோளாறு சாரத்தில் இல்லை.

முதல் சந்தேகம் கராஜீனன் மேல், அதாவது பாதத்தில் வீக்கத்தை உண்டாக்க ஊசியில் போடும் பொருள் மேல். 1% கரைசலை முந்தின நாளே சலைனில் (உப்புநீர்) ஊறவைத்து, கட்டியில்லாமல் 0.1 மி.லி. பாதத்தில் போட்டேன். மாற்றமில்லை. ஊசியை உடனே உருவினால் கரைசல் கசியும். சில நொடி நிறுத்தி எடுத்ததில் சிதறல் கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை.

சிக்கல் கணுக்காலில் இருந்தது. பாதம் விலக்கும் நீரை வைத்து அதன் பருமனைக் காட்டும் கருவி பிளெதிஸ்மோமீட்டர். அதில், கணுக்காலில் மையால் போட்ட கோடுவரை பாதத்தை முக்குகிறோம், எதுவரை முக்குகிறோமோ அதுவே அளவு. திரும்பத் திரும்ப முக்குவதால் அந்த மைக்கோடு, வீக்கம் உச்சத்தை எட்டும் மூன்றாம் மணி நேரத்துக்குள் மங்கிவிடும். பிறகு குத்துமதிப்பாக முக்கினால், ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலே கணக்கு கெடும்.

இப்போது கணுக்காலை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்தபின் அழியாத மையால் எலும்பு மேட்டுக்கு நேராகச் சுற்றிலும் கோடு போடுகிறேன். மங்குமுன் அதன் மேலேயே மறுபடி. முடியில் ஒட்டும் காற்றுக்குமிழியும் அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் நீரில் நனைப்புத் திரவம் ஒரு சொட்டு. ஒரே ஆள் முக்கி, மூன்று அளவின் சராசரி. சிதறல் அடங்கியது, அப்பாடா! சூடான தகட்டு வலிச் சோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. 55 டிகிரியில் 15 நொடிக்கு மேல் எலியை வைக்காமல் இருந்தால் போதும்.