இன்ஜினின் சக்தியைக் கூட்டிய பின் கிளட்ச் நழுவினால்

பைக் சிலிண்டரின் துளையைப் (போர்) பெரிதாக்கி, கேம்ஷாஃப்ட்டை மாற்றி, பெரிய கார்புரேட்டரும் பொருத்தியாயிற்று. டாப் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் இன்ஜின் சுற்று மட்டும் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் கிளட்ச் தட்டுகளை அழுத்தும் ஸ்பிரிங்குகளில் கடினமான ஒரு செட் வாங்கிப் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நழுவல் நிற்கலாம், ஆனால் லீவர் கனத்துப்போகும், கேபிள் இழை இழையாகப் பிரியும், நெரிசலில் ஓட்டினால் இடது கை வலிக்கும். ஸ்பிரிங்கை நான் கடைசியாகத்தான் தொடுவேன்.

உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு ஆயிலில் ஊறி ஓடும் பலதட்டுக் கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: தட்டுகளை அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, தட்டின் சராசரி ஆரம். நான்கும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. ஆரத்தை, தட்டுகள் உட்காரும் கூடையான பாஸ்கெட்டின் அளவே கட்டிப்போட்டுவிடும். மற்ற மூன்றில் எது குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் கழற்றாமல் பார்க்க வேண்டியவை. லீவரின் நுனியில் ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் இடைவெளி, இருக்கிறதா? பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. வரை கேட்பார்கள், உங்கள் வண்டிக்குரிய அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் கேபிள் எந்நேரமும் கிளட்ச்சைச் சற்றே விடுவித்துக்கொண்டிருக்கும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் சிறு துளை அடைபட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது ஆயில். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது உராய்வு குறைந்த ஆயில். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை தட்டில் ஊறிவிட்டால் ஆயிலை மாற்றிய பிறகும் பிடி முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இவை சரியாக இருந்தும் நழுவினால் கிளட்ச் மூடியைத் திறக்கலாம். ஆயிலை வடித்து, கேபிளைக் கழற்றி, மூடியை எடுத்ததும், ஸ்பிரிங் விசையால் அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தட்டுகளை வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி உராய்வுத் தட்டு சில வண்டிகளில் பாஸ்கெட்டின் வேறு பள்ளத்தில் உட்காரும். சிலவற்றில் உட்புறம் அதிர்வைத் தணிக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளையம் இருக்கும். திருப்பிப் போடும்போது தடுமாறவைப்பவை இந்த இரண்டும்தான்.

இப்போது அளவெடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது. உராய்வுத் தட்டின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் பல இடங்களில் பாருங்கள். ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. தேய்ந்திருந்தால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆறு தட்டுகளுக்கு அது 1.2 மி.மீ. ஆகிறது. பிரஷர் பிளேட் அவ்வளவு தூரம் உள்ளே போவதால் ஸ்பிரிங்குகள் அதே அளவுக்குத் தளர்ந்து, அழுத்தும் விசை குறைகிறது. ஆகவே அடுக்கின் மொத்த உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஃகுத் தட்டுகளைச் சமமான கண்ணாடிமேல் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது அனுமதித்த அளவுக்கு மேல் நுழைகிறதா என்று பாருங்கள். நீலம் பாய்ந்த தட்டு வெந்துபோன தட்டு, அதை மறுபடி போடாதீர்கள். ஸ்பிரிங்கின் தனி நீளத்தையும் (அழுத்தாத நிலையில் உள்ள நீளம்) அளந்துவிடுங்கள். பாஸ்கெட்டின் விரல்களில் தட்டுகளின் காதுகள் பள்ளம் பறித்திருந்தால், ஆழமற்றவற்றைச் சன்ன அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானவற்றுக்குப் புது பாஸ்கெட்தான்.

எல்லாம் அளவுக்குள் இருந்தும் நழுவுகிறது என்றால் கிளட்ச்சின் தாங்குதிறனே போதவில்லை. அப்போது எனது முதல் தேர்வு பரப்புகளைக் கூட்டுவது. ஐந்து உராய்வுத் தட்டுகளுக்குப் பத்துப் பரப்புகள், ஆறாக்கினால் பன்னிரண்டு. லீவர் சிறிதும் கனக்காமலே 20 சதவீதம் கூடுதல்! மெல்லிய எஃகுத் தட்டுகளுடன் வரும் செட்டுகள் இதற்குத்தான். ஒரு விலை உண்டு: மெல்லிய எஃகு குறைந்த வெப்பத்தையே உள்வாங்கும், சீக்கிரம் வளையும். சிக்னலில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே நிற்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. புது அடுக்கின் உயரம் மேனுவல் சொல்லும் புதுத் தட்டுகளின் அடுக்கு உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கூடினால் கிளட்ச் முழுதாக விடாது, நியூட்ரல் விழாது. குறைந்தால் பழைய நழுவலே திரும்பும்.

அதற்கும் மேலே தேவைப்பட்டால் ஸ்பிரிங். 10 சதவீதம் கடினமானவை போதும்; ஆறு தட்டுகளுடன் சேர்த்தால் 1.2 பெருக்கல் 1.1, அதாவது 32 சதவீதம் கூடுதல். ஆறு ஸ்பிரிங் உள்ள கிளட்ச்சில் 20 சதவீதம் கடினமான மூன்றை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டாலும் அதே 10 சதவீதம் கிடைக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பதை நான் ஏற்பதில்லை. லீவரை முழுதாக இழுக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் கிளட்ச் விடாது, ஏதாவது ஒன்று உடையும்.

புது உராய்வுத் தட்டுகளை, வண்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். உலர்ந்த தட்டு முதல் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். எஃகுத் தட்டுகளின் கூர் விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். எஃகுத் தட்டுகள் கோர்க்கப்படும் நடுப்பகுதியான ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் அடையாளப் புள்ளி இருந்தால் இரண்டையும் நேராகப் பொருத்துங்கள். போல்ட்டுகளைக் குறுக்காக, படிப்படியாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மட்டுமே முறுக்குங்கள். எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். கைப்பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும். புது கேஸ்கட் போட்டு மூடி, ஆயில் ஊற்றி, ஃப்ரீ பிளேயை வையுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் தட்டுகள் படியும்வரை மென்மையாக ஓட்டுங்கள். இடையில் ஃப்ரீ பிளேயை ஒருமுறை சரிபாருங்கள். புதுத் தட்டுகள் படியும்போது அது குறையும். பிறகு வண்டி நடமாட்டமில்லாத நேரான சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடான பின், டாப் கியரில் நடுத்தரச் சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பாருங்கள். சுற்றும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். இன்னமும் நழுவினால், சுழற்சி கூடக்கூடத் தானே அழுத்தத்தைக் கூட்டும் லாக்-அப் கிளட்ச் பக்கம் போகும் அளவுக்கு உங்கள் இன்ஜின் வளர்ந்துவிட்டது. அதற்குத் தனி மூடி வேண்டியிருக்கும்.