வயிற்றில் குழந்தையின் அசைவை அறிந்துகொள்வது எப்படி: முதன்முறை கருவுற்றவர்களுக்கான செய்முறை விளக்கம்

கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் பெண்கள் கேட்கும் கேள்வி, "இன்னும் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, இது சரிதானா?" என்பது. எட்டாம் மாதத்தில் அவர்களே கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை முறை உதைத்தால் போதும்?" என்பது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் இன்னும் சில நாட்கள் காத்திருப்பதே விடை. இரண்டாவது கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. ஆனால் உங்கள் குழந்தைக்கு மட்டும் உரிய ஒரு வழக்கம் உண்டு. அதை அறிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவரே. அதை எப்படி அறிவது, அது மாறினால் என்ன செய்வது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் வாரக்கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

கருவின் வயது, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. தொடக்க கால ஸ்கேனில் மருத்துவர் தேதியைத் திருத்திக் கொடுத்திருந்தால் அந்தத் தேதியையே பின்பற்றுங்கள். இந்தக் கணக்கு இரண்டு வாரம் பிசகினாலும் வீண் கவலையோ, தேவையற்ற நிம்மதியோ வந்துவிடும்.

குழந்தை ஏறத்தாழ 8-ஆம் வாரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேனில் அதைப் பார்க்கவும் முடியும். ஆனால் அப்போது அது மிகச் சிறியது, பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருப்பது. அதன் அசைவு கருப்பைச் சுவரில் உறைக்கும் அளவுக்கு வலுவாக இருப்பதில்லை. பெரும்பாலான பெண்கள் 16 முதல் 24 வாரங்களுக்குள் முதல் அசைவை உணர்கிறார்கள். தலைச்சன் பிள்ளை என்றால் 20 வாரம் கடந்த பிறகே தெரிவது மிகவும் இயல்பு. ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றவர் அந்த உணர்வை முன்பே அறிந்திருப்பதால் 16-ஆம் வாரத்திலேயே கண்டுகொள்ளக்கூடும். ஆகவே உங்களைவிட இரண்டு வாரம் இளைய கருவைச் சுமக்கும் தோழிக்கு முன்னதாகவே தெரிந்துவிட்டது என்பதற்காகக் கலங்க வேண்டாம். 24 வாரம் முடிந்தும் எந்த அசைவும் தெரியவில்லை என்றால் மட்டும், அடுத்த வழக்கமான பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

இரண்டாம் படி: முதல் அசைவை அடையாளம் காணுங்கள்

உதை என்ற சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தால் முதல் அசைவைத் தவறவிட்டுவிடுவீர்கள். தொடக்கத்தில் அது உதையாக இருப்பதில்லை. நீர்க்குமிழி உடைவது போல, சிறு மீன் வாலைச் சுழற்றுவது போல, கண்ணிமை தானாகத் துடிப்பது போல என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் தெரியும்.

வயிற்றில் வாயு நகர்வதையும் இதையும் பிரித்தறிவது எளிதன்று. வாயு பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், வயிறு இரையும், மலமோ காற்றோ பிரிந்தபின் அடங்கிவிடும். குழந்தையின் அசைவு குறுகியது. உடலை அசைக்காமல் அமைதியாகப் படுத்திருக்கும்போது ஏறக்குறைய அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வரும். மாலையில் வேலைகளை முடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, அடிவயிற்றில் கையை வைத்துக் காத்திருந்து பாருங்கள். இந்தத் தொடக்க வாரங்களில் இன்று தெரிந்தது நாளை தெரியாமல் போகலாம். எண்ணிப் பார்க்கும் காலம் இதுவன்று.

உங்கள் ஸ்கேன் அறிக்கையில் நச்சுக்கொடி (கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து குழந்தைக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் தரும் உறுப்பு, ஆங்கிலத்தில் பிளசென்டா) எந்தப் பக்கம் அமைந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். அது கருப்பையின் முன்சுவரில் இருந்தால், குழந்தைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் மெத்தை வைத்தாற்போல் அசைவுகள் மங்கலாகத் தெரியும். எனக்கு முதல் முறை அப்படித்தான் இருந்தது. 22-ஆம் வாரத்தில் ஒரு பிற்பகலில், வயிற்றின் இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஏதோ மெல்லத் தட்டியது, அதன் பிறகு இரண்டு நாட்கள் ஒன்றுமில்லை. இந்த மங்கல் முதன்மையாக 28 வாரத்துக்கு முந்தைய காலத்துக்கு உரியது என்பதை நினைவில் வையுங்கள். அதன் பிறகு அசைவு குறைந்தால், "நச்சுக்கொடி முன்னால் இருப்பதால்தான்" என்று நீங்களே காரணம் கற்பித்துக்கொள்ளக் கூடாது.

கணவரோ வீட்டாரோ வெளியிலிருந்து கை வைத்து உணர்வதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும்.

மூன்றாம் படி: எது அசைவு, எது அசைவல்ல என்று பழகிக்கொள்ளுங்கள்

24-ஆம் வாரத்துக்குப் பிறகு அசைவுகள் தெளிவடைகின்றன. உதைத்தல், குத்துதல், புரளுதல், உடலை நீட்டி நெளித்தல் ஆகிய எல்லாமே அசைவுகள்தாம். ஒரே மூச்சில் தொடர்ந்து வரும் உதைகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ண முடியாவிட்டால் கவலை வேண்டாம். எப்போதும் ஒரே முறையில் எண்ணினால் போதும்.

சில நொடிகளுக்கு ஒருமுறை, தாளம் தவறாமல், பல நிமிடம் தொடர்ந்து மெல்லத் துள்ளினால் அது குழந்தையின் விக்கல். அதில் அஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. வயிறு முழுவதும் ஒரு நிமிடம் போல இறுகிப் பின் தளர்ந்தால் அது கருப்பைத் தசையின் இறுக்கமே தவிர குழந்தையின் அசைவு அன்று. உங்கள் சொந்த நாடித்துடிப்பும் சில நேரம் வயிற்றில் தட்டுவது போலத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் துடிப்பது புரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். "பிரசவ நேரம் நெருங்கினால் குழந்தைக்கு இடம் போதாது, அதனால் அசைவு குறைந்துவிடும்" என்று அனுபவசாலிகள்கூட அன்போடு ஆறுதல் சொல்வார்கள். இது சரியன்று. அசைவுகள் ஏறத்தாழ 32-ஆம் வாரம் வரை கூடிக்கொண்டே வந்து, பிறகு அதே அளவில் நிலைத்துவிடுகின்றன. மாறுவது அசைவின் வகை மட்டுமே: முன்பு குட்டிக்கரணம் போட்ட குழந்தை இப்போது அழுத்தித் தள்ளும், தோளைப் புரட்டும், விலா எலும்பின் கீழ் காலை ஊன்றும். பிரசவ வலி தொடங்கும் நாள் வரையிலும், வலிக்கு இடையிலும்கூட அசைவு தொடர வேண்டும். கடைசி வாரங்களில் அசைவு குறைவதை இயல்பென்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நான்காம் படி: 28-ஆம் வாரத்திலிருந்து குழந்தையின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

வயிற்றிலிருக்கும் குழந்தையும் தூங்கும். ஒரு தூக்கம் வழக்கமாக 20 முதல் 40 நிமிடம் நீடிக்கும். நலமாக உள்ள குழந்தை 90 நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருப்பது அரிது. பிற்பகலிலும் மாலையிலும் அசைவுகள் கூடுதலாக இருக்கும். நீங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதும் வேலையில் மூழ்கியிருக்கும்போதும் பல அசைவுகள் உங்கள் கவனத்துக்கே வராமல் போகும். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு கீழ்க்காணும் முறையை அமைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழந்தை வழக்கமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் அதே நேரத்தைக் கடைப்பிடியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள்; முதுகுக்குப் பின்னாலும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்துக்கொண்டால் நெடுநேரம் படுத்திருக்க இயலும். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் தவிர்த்துவிட்டு, வயிற்றில் கையை வைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது அசைவு வந்ததும் நேரத்தை மீண்டும் குறியுங்கள். அசைவுகள் வலுவாக இருந்தனவா, மெல்லியவையா என்றும் ஒரு சொல்லில் எழுதுங்கள்.

பத்து வரை எண்ணும் இந்த முறை 1976-இல் வெளியான, பிரிட்டனின் கார்டிஃப் நகர மருத்துவ ஆய்விலிருந்து பரவியது. அப்போது பத்து அசைவுகளுக்கு 12 மணி நேரம் வரை அவகாசம் கொடுத்தார்கள். இன்று பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 2 மணி நேரம். பெரும்பாலான குழந்தைகள் அதைவிட மிக விரைவாகவே பத்தை எட்டிவிடும்.

இப்போது மிக முக்கியமான செய்தி. ஒரு குழந்தை நாள்தோறும் 15 நிமிடத்தில் பத்து அசைவுகளைக் காட்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று அதற்கு 1 மணி 50 நிமிடம் ஆனது. விதிப்படி பார்த்தால் இன்றும் 2 மணி நேரத்துக்குள் பத்து வந்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இது பெரிய மாற்றம், உடனே தெரிவிக்க வேண்டிய மாற்றம். எண்ணிக்கை என்பது வழக்கத்தைக் கண்டறிய உதவும் அளவுகோல் மட்டுமே. பத்து வந்துவிட்டது என்பது நலத்துக்கான சான்றிதழ் அன்று. இதனாலேயே சில மருத்துவர்கள் எண்ணச் சொல்லாமல், வழக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவர் தனியாக ஓர் அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இதே 28-ஆம் வாரத்திலிருந்து இரவில் தூங்கப் போகும்போதும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது குழந்தைக்குப் பாதுகாப்பானது. தூக்கத்துக்கு இடமோ வலமோ எதுவானாலும் சரி. நடு இரவில் விழித்து, மல்லாந்திருப்பதைக் கண்டால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மாற்றம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

நச்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனோ ஊட்டமோ குறையும்போது, குழந்தை தன் ஆற்றலைச் சேமிப்பதற்காக அசைவைக் குறைத்துக்கொள்ளும். இதயத்துடிப்பு அப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் அசைவு குறைவது முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கையாகிறது. உதவி செய்ய இன்னும் நேரம் இருக்கிறது என்பதும் அதன் பொருள்.

28 வாரத்துக்குப் பிறகு, நாள் முழுதும் வேலையில் இருந்ததால் அசைந்ததா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இடப்பக்கமாகப் படுத்துக் கவனியுங்கள்; 2 மணி நேரத்துக்குள் பத்து அசைவுகள் வராவிட்டால் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். ஆனால் அசைவு குறைந்துவிட்டது, நின்றுவிட்டது, வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால், அந்த 2 மணி நேரமும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று ஒத்திவைக்கக் கூடாது. 24 முதல் 28 வாரத்துக்கு இடையில் குறைந்தாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். திடீரென்று வெறிகொண்டாற்போல் மிகையாக அசைந்து, பிறகு அடங்கிப்போனாலும் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் பலர் குளிர்ந்த நீரோ இனிப்பான பானமோ குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அதனால் குழந்தையின் நலம் உறுதிப்படுவதில்லை, நேரம்தான் கழியும். குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவி இதைவிட ஆபத்தானது: பழக்கமில்லாத காதுக்குத் தாயின் நாடியும் நச்சுக்கொடியின் இரத்த ஓட்டமும் குழந்தையின் இதயத்துடிப்பாகவே கேட்கும்; உண்மையிலேயே குழந்தையின் துடிப்பைக் கேட்டாலும் அது நலமாக இருக்கிறதா என்று அந்த ஒலி சொல்லாது. தூக்க மாத்திரை, கடும் வலி நிவாரணி, மது, புகை ஆகியவையும் அசைவைக் குறைக்கக்கூடும். இவற்றில் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார்கள். 28 வாரம் கடந்திருந்தால் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, சிடிஜி என்னும் கருவியால் குறைந்தது 20 நிமிடம் அதைப் பதிவு செய்வார்கள். வயிற்றின் உயரம், உங்கள் இரத்த அழுத்தம், சிறுநீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவையானால் குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரின் அளவையும் அறிய ஸ்கேன் எடுப்பார்கள்.

ஒருமுறை அசைவு குறைந்ததாகச் சொல்லி வருபவர்களில் பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. 34-ஆம் வாரத்தில் ஒரு மாலை எனக்கு அசைவு குறைந்தபோது, ஒன்றுமில்லாததற்குப் போய்த் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூசி ஆறு மணி நேரம் வீட்டிலேயே இருந்துவிட்டேன். குழந்தை நலமாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டையைக் கட்டிய செவிலியர், "அடுத்த முறை மாலையிலேயே வந்துவிடுங்கள், அம்மா. நாங்கள் இருப்பது இதற்குத்தான்" என்றார்.

அந்த அடுத்த முறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். போன வாரம்தான் வந்தோம், எல்லாம் சரி என்றார்களே என்ற எண்ணம் வரும். அசைவு இரண்டாம் முறை குறைவதை மருத்துவர்கள் முதல் முறையைவிடக் கூடுதல் அக்கறையோடு பார்ப்பார்கள்; எனவே முதல் முறை போன அதே வேகத்தில் போய், "இது எனக்கு இரண்டாவது முறை" என்பதை உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள்.