மலாய் வீட்டில் பெண் எடுக்கிறீர்களா?

நாங்கள் மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் தமிழ் முஸ்லிம்கள். மூத்த மகனுக்கு சபாக் பெர்ணாம் பக்கம் ஒரு கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், பெண் எடுத்தோம். மார்க்கம் ஒன்றுதானே, புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் புரிந்தது. மலாய்ச் சம்பந்தம் பேசியிருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பையனை குர்சுஸ் காவின் என்னும் திருமணப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புங்கள். நிக்காஹுக்கு மனுச் செய்யும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

சீர்த் தட்டுகளை ஒற்றைப்படையில் வையுங்கள். நாம் 7 கொண்டுபோனால் பெண் வீட்டார் 9 தருவார்கள். தட்டும், பெண் வீட்டுக்குக் கொடுக்கும் ஹந்தாரான் பணமும் ஊர் வழக்கம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர்தான் மார்க்கக் கடமை, அதை அவர்கள் மாஸ் காவின் என்பார்கள். பேச்சுவார்த்தையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முடிந்தால் நிக்காஹுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். அன்றிரவு அந்த வீட்டில் கத்தம் குர்ஆன், அதாவது குர்ஆன் ஓதி முடிக்கும் சடங்கு, நடந்தது. சின்ன வயதில் தனக்கு ஓதக் கொடுத்த கிழவியின், அவளுடைய உஸ்தாஸாவின் (மார்க்க ஆசிரியை), எதிரே மருமகள் உட்கார்ந்து, குர்ஆனின் கடைசி அத்தியாயங்களை, ளுஹாவிலிருந்து நாஸ் வரை ஓதினாள். ஓரிடத்தில் தடுமாறினாள். உஸ்தாஸா மெல்லத் திருத்தினார். அவள் திரும்ப ஓதினாள். சபையில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஓதி முடித்ததும் மஞ்சள் புளுட் (ஒட்டும் அரிசி) சோற்றின் முதல் தட்டு உஸ்தாஸாவுக்குத்தான் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உஸ்தாஸாவுக்கென்று ஒரு நல்ல துணி எடுத்துப் போங்கள். நான் வெறுங்கையோடு போய்விட்டேன்.

பின்கட்டில் ரெவாங் என்னும் கூட்டுச் சமையல் நடக்கும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூலியில்லாமல் வெங்காயம் உரிப்பார்கள், ஆண்கள் பெரிய கவாச் சட்டியில் கறி கிண்டுவார்கள். சம்பந்தி என்று நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்காராமல், கத்தியை வாங்கிக்கொண்டு பாயில் உட்காருங்கள். அன்றைக்கே சொந்தமாகிவிடுவீர்கள்.

மறுநாள் 'அக்கு தெரிமா நிக்காஹ்ஞா' (இவளுடைய நிக்காஹை ஏற்றுக்கொள்கிறேன்) என்று பையன் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பார்கள். பதறாமல், இடைவெளி விடாமல் தெளிவாகச் சொன்னால் போதும்.

அதைவிட முக்கியம், அடுத்து அவன் வாசிக்கும் தக்லீக். மனைவியை 4 மாதமோ அதற்கு மேலோ விட்டுப் போனாலோ, அவ்வளவு காலம் செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, உடம்புக்குத் தீங்கு செய்தாலோ அவள் ஷரியா நீதிமன்றத்தில் முறையிடலாம், நிரூபணமானால் தலாக் ஆகும் என்ற வாக்குறுதி அது. மலாயில் கடகடவென்று வாசித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். என் மகனை ஒரு வாரம் முன்பே அடுப்படியில் உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.